எந்தப் பங்கு என்பது கடைசிக் கேள்வி: கனடாவில் சம்பளத்தில் வாழும் குடும்பம் முதலீட்டைத் தொடங்கும் வழி

வந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். கேட்டவர் 34 வயதுத் தம்பி, 2020-இல் கனடா வந்தவர், ஸ்காபரோவில் வாடகை வீடு, வேர்ஹவுஸ் வேலையில் வருடம் 52,000 டொலர். மனைவி டேகேர் ஒன்றில் பகுதிநேரம், அவருக்கு 26,000. இங்கே பிறந்த இரண்டு பிள்ளைகள், 4 வயதும் 2 வயதும். சேமிப்புக் கணக்கில் 18,000 டொலர் கிடக்கிறது, கடன் இல்லை, மாதம் 900 டொலர் மிச்சம் பிடிக்க முடியும். வேலையிடத்தில் ஒருவர் அமெரிக்க சிப் கம்பனியான என்விடியாவின் பங்கை வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் கனடிய வங்கிப் பங்குகள் மட்டும் போதும் என்கிறார், வங்கிக் கிளையில் மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றுக்குக் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள். கம்பனியில் குரூப் ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டம் இருக்கிறதாம், 4 வீதம் நாங்கள் போட்டால் அவர்களும் 4 வீதம் போடுவார்களாம், ஆனால் கைக்கு வரும் சம்பளம் குறையும் என்று சேரவில்லையாம். "அண்ணை, எந்தப் பங்கை வாங்கலாம்?" இதுதான் கேள்வி.

தம்பி, உங்கள் நிலைமையில் எந்தப் பங்கு என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். எந்தக் கணக்கில் போடுகிறீர்கள், வருடாவருடம் எவ்வளவு கட்டணம் கழிகிறது, இந்த இரண்டும்தான் உங்கள் கையில் கடைசியில் எவ்வளவு நிற்கும் என்பதைத் தீர்மானிக்கப் போகின்றன. பங்குத் தெரிவு அதற்குப் பிறகு, அதுவும் பத்து நிமிட வேலை. நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எங்கள் ஆட்கள் கூடிக் கதைக்கும்போது பங்கின் பெயரைப் பற்றித்தான் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள், அரசாங்கமும் கம்பனியும் தருகிற காசை வாங்காமல் விட்டதைப் பற்றி ஒருவரும் வாயே திறப்பதில்லை.

முதலில் அந்தக் குரூப் ஆர்ஆர்எஸ்பி. 52,000-இல் 4 வீதம் 2,080 டொலர். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சம்பளம் என்றால் ஒரு சம்பளத்துக்கு 80 டொலர். ஆனால் அது வரிக்கு முன்னால் கழிகிற காசு, ஆகவே கைக்கு வருவது 80 டொலரால் குறையாது, கிட்டத்தட்ட 64 டொலரால்தான் குறையும். பதிலுக்குக் கம்பனி இன்னொரு 80 டொலர் போடுகிறது. 64 டொலர் கொடுத்து 160 டொலரைக் கணக்கில் பார்க்கிற வசதியை என்விடியாவும் தராது, வேறு எந்தப் பங்கும் தராது. எச்ஆரிடம் போய்ச் சேருங்கள். சில கம்பனிகள் வருடத்தில் ஒரு தடவைதான் சேர விடும், அப்படியென்றால் திகதியைக் கேட்டு எழுதி வையுங்கள். கம்பனி போட்ட காசு எவ்வளவு காலத்துக்குப் பிறகு முழுதாக உங்களுடையதாகும் என்பதையும் கேளுங்கள், இடையில் வேலை மாறினால் அது முக்கியம்.

அடுத்தது கையில் இருக்கும் 18,000. இதில் 10,000-ஐ தொடாதீர்கள். வேலை போனால், கார் நின்றால், ஊரில் யாருக்காவது சுகமில்லை என்று திடீரென்று பயணப்பட வேண்டி வந்தால் எடுக்கிற காசு அது. அது வட்டி கூடிய சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும், பெரிய வங்கிகளின் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் கிடைக்கும் வட்டி வெட்கப்படுமளவுக்குக் குறைவு, இணைய வங்கிகளில் பாருங்கள். வங்கி கவிழ்ந்தால் வைப்பைத் திருப்பித் தருகிற சிடிஐசி காப்புறுதி உள்ள வங்கியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு வங்கியில் ஒரு வகைக் கணக்குக்கு 100,000 டொலர் வரை பாதுகாப்பு. (உங்களுக்குக் கடன் இல்லை என்பதால் இதை விட்டுவிடுகிறேன், ஆனால் கிரெடிட் கார்டில் நிலுவை வைத்துக்கொண்டு பங்கு வாங்க நினைப்பவர்கள் இருந்தால், 20 வீத வட்டிக் கடனை அடைப்பதைவிட நிச்சயமான முதலீடு எதுவும் இல்லை. அதை முடித்துவிட்டு வாருங்கள்.)

மிச்சம் 8,000. அதை எஃப்எச்எஸ்ஏ என்ற முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கில் போடச் சொல்வேன். 2023 ஏப்ரலில் வந்த கணக்கு இது, இன்னும் பலருக்குத் தெரியாது. வருடம் 8,000, ஆயுளுக்கு 40,000. போடும்போது ஆர்ஆர்எஸ்பி மாதிரி வருமானத்திலிருந்து கழிக்கலாம், வீடு வாங்க எடுக்கும்போது டிஎஃப்எஸ்ஏ (வளர்ச்சிக்கு வரி இல்லாத சேமிப்புக் கணக்கு, கீழே சொல்கிறேன்) மாதிரி வரி இல்லாமல் எடுக்கலாம். இரண்டு பக்கமும் லாபம் தருகிற கணக்கு கனடாவில் வேறு இல்லை. 15 வருடத்துக்குள் வீடு வாங்கவில்லையா, அப்படியே ஆர்ஆர்எஸ்பிக்கு மாற்றிவிடலாம், அதற்கு ஆர்ஆர்எஸ்பி வரம்பு தேவையில்லை.

இதில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, வங்கியில் யாரும் இதை எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்காக அரசாங்கத்திடம் நீங்கள் மாதாமாதம் வாங்குகிற சைல்ட் பெனிஃபிட் குடும்பத்தின் நிகர வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எஃப்எச்எஸ்ஏ, ஆர்ஆர்எஸ்பி இரண்டில் போட்டாலும் அந்த நிகர வருமானம் குறையும். இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு, ஏறத்தாழ 37,000-க்கும் 81,000-க்கும் இடையில் வருமானம் இருந்தால், கூடும் ஒவ்வொரு டொலருக்கும் 13.5 சதம் பெனிஃபிட்டில் குறைகிறது. குறைகிற ஒவ்வொரு டொலருக்கும் 13.5 சதம் கூடுகிறது என்பதும் அதே கணக்குத்தான். நீங்கள் சரியாக அந்த இடைவெளிக்குள் இருக்கிறீர்கள். உங்கள் பெயரில் 8,000 போட்டால் வரியில் 1,500 டொலருக்கு மேல் மிச்சம், அடுத்த ஜூலையிலிருந்து வரும் பெனிஃபிட்டில் வருடத்துக்கு 1,080 டொலர் கூடுதல். மொத்தம் 2,500-க்கு மேல். 8,000 டொலரை ஒரு தடவை போட்டதற்கே, சந்தை ஏறினாலும் இறங்கினாலும், இது உங்கள் காசு. "எங்கள் வருமானத்துக்கு ஆர்ஆர்எஸ்பி தேவையில்லை, டிஎஃப்எஸ்ஏ மட்டும் போதும்" என்று பொதுவாகச் சொல்வார்கள், சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அந்தப் பொதுவான அறிவுரை பல நேரம் பிழையாகிவிடும்.

மனைவியும் தன் பெயரில் ஒரு எஃப்எச்எஸ்ஏ திறந்து வைக்கட்டும், இப்போது ஒன்றும் போடாவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் கணக்கில் வரம்பு சேரத் தொடங்குவது திறந்த நாளிலிருந்துதான், திறக்காமல் விட்ட வருடம் போனது போனதுதான். போடாத 8,000 அடுத்த வருடத்துக்கு வரும், அதற்கு மேல் சேராது.

பிள்ளைகளின் மேற்படிப்புக்கு ஆர்இஎஸ்பி என்ற சேமிப்புக் கணக்கு. ஒரு பிள்ளைக்கு வருடம் 2,500 போட்டால் அரசாங்கம் 20 வீதம், அதாவது 500 டொலர் போடும். உங்கள் வருமானத்துக்கு, நீங்கள் போடும் முதல் 500 டொலருக்கு மட்டும் மேலதிகமாக 10 வீதம், இன்னொரு 50 டொலர் கிடைக்கும். இரண்டு பிள்ளைகளுக்கும் மாதம் ஏறத்தாழ 417 டொலர் போட்டால் வருடக் கடைசியில் 1,100 டொலர் இலவசம். ஒரு பிள்ளைக்கு ஆயுளில் 7,200 வரை தருவார்கள். விட்டுப்போன வருடங்களையும் பிடிக்கலாம், ஆனால் ஒரு வருடத்தில் ஒரு பழைய வருடத்தை மட்டும். இதோடு லேர்னிங் பொண்ட் என்று ஒன்று இருக்கிறது, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு நாங்கள் ஒரு சதமும் போடாமலே பிள்ளையின் கணக்கில் 2,000 டொலர் வரை விழும். உங்கள் இப்போதைய வருமானத்துக்கு அது வராது, ஆனால் மூத்த பிள்ளை பிறந்த காலத்தில் வருமானம் குறைவாக இருந்திருந்தால் அந்த வருடங்களுக்கும் கேட்டு வாங்கலாம், கணக்குத் திறக்கும்போது மறக்காமல் கேளுங்கள்.

ஆர்இஎஸ்பியில் ஒரு எச்சரிக்கை. வீடு தேடி வந்து விற்கிற குரூப் ஸ்கொலர்ஷிப் திட்டங்களில் சேராதீர்கள். ஆரம்பத்தில் நீங்கள் போடும் காசின் பெரும்பகுதி சேர்வுக் கட்டணமாகப் போய்விடும், இடையில் கட்ட முடியாமல் நிறுத்தினால் அது திரும்பாது. சாதாரண ஃபமிலி ஆர்இஎஸ்பியை நீங்களே இணைய புரோக்கரிடம் பத்து நிமிடத்தில் திறக்கலாம், இரண்டு பிள்ளைகளையும் ஒரே கணக்கில் சேர்க்கலாம், ஒரு பிள்ளை படிக்காவிட்டால் மற்றப் பிள்ளைக்குப் பயன்படுத்தலாம்.

டிஎஃப்எஸ்ஏ பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வந்தவர்கள் அதிகம் தண்டம் கட்டுவது இங்கேதான். பெயரில் சேமிப்பு என்று இருப்பதால் அது வட்டி தருகிற வங்கிக் கணக்கு என்று நினைக்கிறார்கள். டிஎஃப்எஸ்ஏ ஒரு பாத்திரம், அவ்வளவுதான். உள்ளே ரொக்கம் வைக்கலாம், ஜிஐசி என்ற நிலையான வைப்பை வைக்கலாம், பங்கு வைக்கலாம். உள்ளே எவ்வளவு வளர்ந்தாலும் எடுக்கும்போது வரி இல்லை. ஆனால் எவ்வளவு போடலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2009-இல் 18 வயதுக்கு மேல் இருந்து அன்றிலிருந்து இங்கேயே இருப்பவருக்கு 2025 வரை 102,000 டொலர் வரம்பு. இந்த எண்ணை எங்கேயாவது பார்த்துவிட்டு, நேற்று வந்தவரும் ஊரில் காணி விற்ற காசைக் கொண்டுவந்து மொத்தமாகப் போட்டுவிடுகிறார். உங்களுக்கு வரம்பு கனடாவில் வசிக்கத் தொடங்கிய வருடத்திலிருந்துதான். 2020, 2021, 2022 மூன்றுக்கும் 6,000 வீதம் 18,000, 2023-க்கு 6,500, 2024-க்கும் 2025-க்கும் 7,000 வீதம் 14,000. ஆக 2025 வரை 38,500. கூடப் போட்டால் அந்தக் கூடுதல் தொகைக்கு மாதம் ஒரு வீதம் அபராதம், எடுக்கும்வரை.

இன்னொரு பொறி. வருட நடுவில் 5,000 எடுத்துவிட்டு, அதே வருடத்தில் திரும்பப் போட்டால் அது புதிதாகப் போட்ட காசாகக் கணக்காகும். எடுத்த தொகைக்கான இடம் அடுத்த ஜனவரி முதலாம் திகதிதான் திரும்பி வரும். ஒரு வங்கியிலிருந்து இன்னொரு இடத்துக்கு டிஎஃப்எஸ்ஏயை மாற்றும்போதும் இதே பிரச்சினை, நீங்களாக எடுத்துக் கொண்டுபோய்ப் போடக் கூடாது, புதிய இடத்தில் டிரான்ஸ்ஃபர் படிவம் நிரப்பிக் கொடுங்கள், அவர்களே இழுத்துக்கொள்வார்கள். பழைய வங்கி அதற்கு 50 முதல் 150 டொலர் வரை கேட்கலாம், பல நேரம் புதிய இடம் அதைத் திருப்பித் தரும். சிஆர்ஏ என்ற வரித் திணைக்களத்தின் இணையக் கணக்கில் தெரியும் வரம்பையும் அப்படியே நம்பாதீர்கள், அது ஜனவரி முதலாம் திகதி நிலவரம், வங்கிகள் முந்தைய வருட விவரத்தை அனுப்புவது பெப்ரவரி கடைசியில்தான், ஆகவே வருட ஆரம்பத்தில் காட்டும் எண் பழசாக இருக்கும். நீங்கள் போட்டதை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது போதும். கணக்குத் திறக்கும்போது மனைவியை பெனிஃபிஷியரி என்று போடாமல் சக்ஸஸர் ஹோல்டர், அதாவது கணக்கின் அடுத்த உரிமையாளர், என்று போடுங்கள், உங்களுக்கு ஏதும் ஆனால் கணக்கு அப்படியே வரிச்சலுகையோடு அவர் கைக்குப் போகும், அவருடைய சொந்த வரம்பையும் அது தொடாது.

சரி, இப்போது கட்டணம். வங்கிக் கிளையில் கையெழுத்து வைக்கச் சொன்ன ஃபண்டுக்கு ஃபண்ட் ஃபக்ட்ஸ் என்று சில பக்கத் தாள் ஒன்று கட்டாயம் தர வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் பக்கத்தில் இருக்கும் பெரிய கம்பனிகளின் பெயரைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். நீங்கள் அடுத்த பக்கங்களைப் புரட்டி, எவ்வளவு செலவாகும் என்ற பகுதிக்குப் போங்கள். எம்இஆர் என்று வருடக் கட்டண வீதம் ஒன்று இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே 1,000 டொலருக்கு வருடத்தில் இத்தனை டொலர் என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள். 20 டொலர், 21 டொலர் என்று இருந்தால் அது 2 வீதம் அளவு கட்டணம் எடுக்கும் ஃபண்ட். கீழே டிரெய்லிங் கமிஷன் என்று ஒரு பந்தி இருக்கும், ஃபண்டை விற்றவருடைய நிறுவனத்துக்கு நீங்கள் அதை வைத்திருக்கும் வரை வருடாவருடம் போகிற பங்கு அது.

2 வீதம் என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். கணக்குப் பார்ப்போம். மாதம் 500 டொலர், 25 வருடம், சந்தை கட்டணத்துக்கு முன் வருடம் 6 வீதம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 0.2 வீதமென்றால் கடைசியில் ஏறத்தாழ 336,000 டொலர். கட்டணம் 2.2 வீதமென்றால் ஏறத்தாழ 250,000. நீங்கள் போட்டது இரண்டிலும் 150,000-தான். வித்தியாசம் 86,000 டொலர், ஒரு வருடச் சம்பளம் அல்ல, உங்கள் இருவரின் ஒரு வருட மொத்தச் சம்பளத்தையும்விடக் கூட. இந்தக் காசுக்கு ஒருநாளும் பில் வராது, ஃபண்டின் உள்ளேயே கழித்துவிட்டு மிச்சத்தை உங்களுக்குக் காட்டுவார்கள், அதனால்தான் யாருக்கும் வலிப்பதில்லை. கிளையில் இருக்கும் பிள்ளை கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அநேகமாக அவருக்கு அந்த வங்கியின் சொந்த ஃபண்டுகளை மட்டும்தான் விற்க அனுமதி இருக்கும். ஆனால் அவருக்கு விற்க முடிந்தது உங்களுக்குத் தேவையானது என்று ஆகிவிடாது. தெரிந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொண்டுவருகிற செக்ரிகேட்டட் ஃபண்டுக்கும் (காப்புறுதிக் கம்பனி விற்கும் முதலீட்டு ஃபண்ட்) இதே கேள்வியைக் கேளுங்கள், அதில் முதலுக்கு 75 அல்லது 100 வீத உத்தரவாதம் என்று சொல்வார்கள், அந்த உத்தரவாதம் முதிர்வின்போதும் மரணத்தின்போதும்தான், அதற்காகக் கட்டணம் இன்னும் கூடும். 34 வயதில் உங்களுக்குத் தேவை குறித்த காலத்துக்கு மட்டும் எடுக்கும் ஆயுள் காப்புறுதியான டேர்ம் லைஃப் இன்சூரன்ஸ், பிள்ளைகள் சின்னவர்கள் என்பதால் அது கட்டாயம் வேண்டும். காப்புறுதியையும் முதலீட்டையும் ஒன்றாகக் கலந்து தருகிற திட்டம் வேண்டாம்.

இனி வாங்குவது. இடிஎஃப் என்பது பங்குச்சந்தையிலேயே பங்கு மாதிரி வாங்கி விற்கக்கூடிய ஃபண்ட். உலகத்தின் முதல் இடிஎஃப் 1990-இல் ரொறன்ரோ பங்குச்சந்தையில்தான் தொடங்கியது, கனடாக்காரர் இதில் பெருமைப்படலாம். ஒரு இடிஎஃப் வாங்கினால் அதற்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கம்பனிகளில் ஒரு சின்னத் துண்டு உங்களுக்கு வந்துவிடும். 2018-இலிருந்து இன்னும் சுலபமான ஒன்று இருக்கிறது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய இடிஎஃப். வான்கார்டின் விஇக்யூடி, ஐஷெயர்ஸின் எக்ஸ்இக்யூடி, இரண்டும் முழுக்கப் பங்கு, கனடா, அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், வளரும் நாடுகள் எல்லாம் உள்ளே. விஜிஆர்ஓ, எக்ஸ்ஜிஆர்ஓ என்றால் 80 வீதம் பங்கு, 20 வீதம் பொண்ட், அதாவது கடன் பத்திரம். விபிஏஎல் 60-க்கு 40. வருடக் கட்டணம் 100 டொலருக்குக் கால் டொலருக்கும் குறைவு. எந்த நாடு கூடுகிறது, எது குறைகிறது என்று பார்த்து உள்ளேயே சரிசெய்துகொள்வார்கள், நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

விஇக்யூடியா எக்ஸ்இக்யூடியா என்று கேட்டுத் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். எதை வாங்கினாலும் சரி.

வங்கிப் பங்கு மட்டும் போதும் என்று சொல்லும் உங்கள் நண்பரின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. பாங்க் ஒஃப் மொன்றியல் 1829-இலிருந்து பங்குக்காரருக்கு டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்கு, கொடுத்து வருகிறது. ஆனால் கனடிய சந்தை உலகச் சந்தையில் 3 வீதம் அளவுதான், அதிலும் வங்கி, எண்ணெய், சுரங்கம் என்று ஒரு சில துறைகளே பெரும்பகுதி. உங்கள் வேலை கனடாவில், நாளைக்கு வாங்கப் போகும் வீடும் கனடாவில், சேமிப்பும் முழுக்க கனடிய வங்கியில் என்றால், இங்கே ஒரு அடி விழும்போது மூன்றிலும் சேர்ந்து விழும். பெல் தொலைபேசிக் கம்பனியைப் பாருங்கள். தலைமுறையாகக் கனடிய ஓய்வூதியக்காரர்கள் டிவிடெண்டுக்காகவே வைத்திருந்த பங்கு. 2025 மே மாதத்தில் அந்த டிவிடெண்டை பாதிக்கும் கீழே வெட்டினார்கள், பங்கின் விலையும் 2022-இல் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அதற்கு முன்னால் நோர்டெல். பிரம்டனில் தலைமையகம் வைத்திருந்த தொலைத்தொடர்புக் கருவிக் கம்பனி, 2000-ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு பங்கு 124 டொலருக்கு மேல் போனது, ரொறன்ரோ சந்தைக் குறியீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே கம்பனிதான். 2002-இல் ஒரு டொலருக்குக் கீழே வந்தது, 2009 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்பு கேட்டது. அங்கே வேலை செய்துகொண்டே சேமிப்பையும் அதே பங்கில் வைத்திருந்தவர்கள் வேலையையும் சேமிப்பையும் ஒன்றாக இழந்தார்கள். அன்றைக்கு நோர்டெல் பற்றிப் பேசியதைத்தான் இன்றைக்கு வேறு பெயர்களை வைத்துப் பேசுகிறார்கள். என்விடியா அப்படி விழும் என்று சொல்லவில்லை, விழாது என்று சொல்லவும் என்னால் முடியாது. எக்ஸ்இக்யூடி வாங்கினால் அதற்குள் என்விடியாவும் இருக்கிறது, ரோயல் பாங்கும் இருக்கிறது, ஆகவே இரண்டு நண்பர்கள் சொன்னதும் உங்களிடம் இருக்கும், ஒன்று கவிழ்ந்தால் குடும்பம் கவிழாது.

அமெரிக்கா மட்டும் போதாதா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். 2000-இலிருந்து 2009 வரையான பத்து வருடத்தில் அமெரிக்காவின் 500 பெரிய கம்பனிகளைக் கொண்ட எஸ்என்பி 500 குறியீட்டில் போட்ட கனடாக்காரருக்கு டிவிடெண்டைச் சேர்த்தும் நஷ்டம், அதே காலத்தில் கனடியச் சந்தை நல்ல லாபம் தந்தது. அதற்குப் பிந்திய பத்து வருடத்தில் அமெரிக்கா முந்தியது. அடுத்த பத்து வருடம் யாருடையது என்று முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லை, அதனால்தான் எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்கிறேன்.

எங்கே வாங்குவது? வெல்த்சிம்பிள், குவெஸ்ட்ரேட் இரண்டிலும் இடிஎஃப் வாங்கக் கமிஷன் இல்லை. பெரிய வங்கிகளின் புரோக்கரிடம் ஒரு தடவைக்கு 10 டொலர் அளவில் போகலாம், மாதாமாதம் வாங்குபவருக்கு அது தேவையில்லாத செலவு. புரோக்கர் நிறுவனம் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று பயப்படுபவர்களுக்கு, சிஐபிஎஃப் என்ற முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியின் உறுப்பினர் நிறுவனம் என்றால் 10 லட்சம் டொலர் வரை பாதுகாப்பு இருக்கிறது, சந்தை இறங்குவதற்கு அல்ல, நிறுவனம் கவிழ்ந்து உங்கள் சொத்து காணாமல் போவதற்கு. வாங்கும்போது சந்தை திறந்திருக்கும் காலை 9:30-க்கும் மாலை 4-க்கும் இடையில் வாங்குங்கள், முதல் பத்து நிமிடத்தை விட்டுவிடுங்கள். என்ன விலைக்கும் வாங்குகிற மார்க்கெட் ஓர்டருக்குப் பதில், இதற்கு மேல் கொடுக்க மாட்டேன் என்று விலை குறிக்கும் லிமிட் ஓர்டர் போட்டு, திரையில் ஆஸ்க் (விற்பவர் கேட்பது) என்று காட்டும் விலையைவிட ஒன்றிரண்டு சதம் கூட்டி எழுதினால் உடனே கிடைக்கும், எதிர்பாராத விலைக்கு மாட்டவும் மாட்டீர்கள். கனடிய டொலரில் விற்கும் இடிஎஃபையே வாங்குங்கள், அமெரிக்க டொலருக்கு மாற்றப்போனால் சில இடங்களில் 1.5 வீதம் அங்கேயே போய்விடும்.

எதை எந்தக் கணக்கில் என்றால், பிள்ளைகளின் ஆர்இஎஸ்பிக்கு இன்னும் 14, 16 வருடம் இருக்கிறது, விஜிஆர்ஓ பொருந்தும், மூத்தவர் ஹைஸ்கூல் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஜிஐசி பக்கம் மாற்றுங்கள். கம்பனித் திட்டத்தால் சம்பளத்தில் குறைவதும் ஆர்இஎஸ்பியும் போக மாதம் மிச்சம் ஒரு 340 டொலர் வரும், அது டிஎஃப்எஸ்ஏயில், 20 வருடம் தொடமாட்டீர்கள் என்றால் எக்ஸ்இக்யூடி. எஃப்எச்எஸ்ஏ மட்டும் வீடு எப்போது என்பதைப் பொறுத்தது. மூன்று வருடத்துக்குள் வாங்கும் எண்ணம் இருந்தால் அதில் ஒரு பங்கும் வேண்டாம், ஜிஐசி மட்டும். டவுன்பேமென்ட் காசு 30 வீதம் குறைந்த மாதத்தில் நீங்கள் விரும்பிய வீடு வரக்கூடும்.

30 வீதம் என்று பயமுறுத்தவில்லை. 2020 பெப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் 23-க்குள் ரொறன்ரோ சந்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது, ஒரு மாதத்துக்குள். அது சீக்கிரம் எழும்பிவிட்டது, அதைப் பார்த்துத்தான் இப்போது பலர் சந்தை விழுந்தால் சில மாதத்தில் எழும்பிவிடும் என்று நினைக்கிறார்கள். 2008 ஜூனிலிருந்து 2009 மார்ச் வரை பாதியாகக் குறைந்தது, குறியீடு பழைய உச்சத்தைத் திரும்பத் தொட 2014 ஆனது. அந்த இடைக்காலத்தில் மாதாமாதம் வாங்கிக்கொண்டே இருந்தவர் நன்றாகவே வந்தார், பயத்தில் விற்றவர்தான் இழந்தார். உங்கள் 20,000 டொலர் 12,000 என்று திரையில் தெரிகிற ஒரு காலைப்பொழுதை இப்போதே மனைவியோடு இருந்து கதைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு நாளில் விற்றுவிடுவோம் என்று உங்களில் ஒருவருக்குத் தோன்றினாலும் எக்ஸ்இக்யூடி வேண்டாம், விபிஏஎல் எடுங்கள். கொஞ்சம் குறைவாக வளரும், ஆனால் வைத்திருப்பீர்கள். சம்பளம் வரும் மறுநாள் தானாகவே காசு போய் வாங்குகிற மாதிரி அமைத்துவிட்டு, அப்ளிகேஷனை போனின் முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

வயது கூடிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை, உங்கள் பெற்றோர் இங்கே இருந்தால் அவர்களுக்கும். 45, 50 வயதில் கனடா வந்தவர்களுக்கு ஓஏஎஸ் என்ற முதியோர் ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்காது, அதற்கு 40 வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும். ஆகவே பலர் 65-க்குப் பிறகு ஜிஐஎஸ் என்ற மேலதிகக் கொடுப்பனவை நம்பித்தான் இருப்பார்கள். ஆர்ஆர்எஸ்பியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டொலரும் வருமானமாகக் கணக்காகி, ஜிஐஎஸ்ஸில் பொதுவாக 50 சதத்தை வெட்டும். டிஎஃப்எஸ்ஏயிலிருந்து எடுப்பது கணக்கிலேயே வராது. அப்படிப்பட்டவருக்கு ஆர்ஆர்எஸ்பி லோன் எடுத்துக் கொடுத்துச் சேமிக்க வைப்பது அவருக்குச் செய்கிற தீங்கு. அவருக்கு டிஎஃப்எஸ்ஏதான்.

ஊரில் சொத்து இருப்பவர்கள்: வாடகைக்கு விட்ட வீடு, வெறும் காணி, கொழும்பு வங்கியில் நிலையான வைப்பு, சாதாரண புரோக்கர் கணக்கில் வாங்கிய அமெரிக்கப் பங்கு, எல்லாம் சேர்த்து வாங்கிய விலை (கனடா வரும் முன்பே இருந்த சொத்துக்கு, வந்த நாளில் அதற்கிருந்த பெறுமதி) 100,000 கனடிய டொலரைத் தாண்டினால் டி1135 என்ற படிவம் வருடாவருடம் கொடுக்க வேண்டும். அதற்கென்று தனி வரி கிடையாது, கொடுக்காவிட்டால் நாளுக்கு 25 டொலர் வீதம் 2,500 வரை அபராதம். நீங்களே போய்த் தங்குகிற வீடு இதில் சேராது. டிஎஃப்எஸ்ஏ, ஆர்ஆர்எஸ்பி உள்ளே இருப்பதும் சேராது.

கடைசியாக, தெரிந்தவர் ஒருவர் "என்னிடம் கொடுங்கள், மாதம் 2 வீதம் தருகிறேன்" என்று வந்தால், அவர் கோவிலில் பார்க்கிறவராக இருந்தாலும், ஊர்க்காரராக இருந்தாலும், பங்கு, ஃபண்ட் விற்பவர்களைக் கண்காணிக்கும் கனடிய அமைப்பான சிஎஸ்ஏயின் தேசியப் பதிவுத் தேடலில் அவருடைய பெயரைத் தட்டிப் பாருங்கள். மாகாணத்தில் பதிவு இருக்கிறதா, எதை விற்க அனுமதி, முன்னர் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருந்ததா என்று இலவசமாகக் காட்டும். பெயர் வராவிட்டால் அவருக்கு உங்கள் காசை வாங்கி முதலீடு செய்யச் சட்டப்படி அனுமதி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு நேரே மறுக்கச் சங்கடமாக இருந்தால், எல்லாம் கம்பனித் திட்டத்திலும் பிள்ளைகளின் ஆர்இஎஸ்பியிலும் போய்விட்டது என்று சொல்லிவிடுங்கள், உங்கள் நிலைமையில் அது உண்மையாகவும் இருக்கும்.